கண் மஞ்சளானால் காத்திருக்க வேண்டாம்



கர்ப்பிணிகளுக்கு வரும் மஞ்சள் காமாலை பற்றியும் கல்லீரல் நோய்கள் பற்றியும் இந்த இதழில் பாடமாக எழுதுகிறோம். இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் உதவி கேட்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். மருமகளுக்கு எட்டாம் மாதம் முடியும் நேரம். சில நாட்களாக வாந்தி, கடும் சோர்வு, சோற்றைக் கண்டாலே குமட்டல். பிறகு கண் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்து ஊரில் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் ஒரு பச்சிலை உருண்டையும் உப்பில்லாப் பத்தியமும் கொடுத்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். கணவர் வளைகுடாவில். அவரிடம் பேசாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டாருக்குத் துணிவில்லை. கடைசியில் பணத்துக்காக எங்களிடம் வந்தார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? டாக்டரின் கடிதமும் ரேஷன் கார்டு நகலும் கொண்டு வாருங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கமிட்டி கூடும், அதில் வைத்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். அன்று புதன்கிழமை. வியாழன் இரவு அந்தப் பெண்ணுக்குப் பேச்சு குழறியது. ஆட்களை அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிற்றிலிருந்த பிள்ளை இறந்திருந்தது. தாய் 11 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்து வந்தார்.

அந்தக் குடும்பம் இழந்த நாட்களில் எங்களால் இழந்த நாளும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது சரியல்ல என்பதால் முதலிலேயே எழுதிவிட்டோம். இந்தப் பாடத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை மனதில் வைத்தாலும் போதும்: மற்றவர்களுக்குக் காமாலை வந்தால் காட்டும் பொறுமையைக் கர்ப்பிணியிடம் காட்டக் கூடாது. கண் மஞ்சளான அன்றே அவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

காமாலை என்பது என்ன?

காமாலை ஒரு நோயின் பெயர் அல்ல, அடையாளம். நம் இரத்தத்திலுள்ள பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை எடுத்துப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பிவிடும். கல்லீரல் கெட்டாலோ, பித்தம் போகும் வழி அடைபட்டாலோ, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலோ அது இரத்தத்தில் தேங்குகிறது. சாதாரணமாக 100 மில்லி இரத்தத்தில் 1 மில்லிகிராம் அளவுக்குள் இருக்கும் பிலிருபின் 2, 3 என்று ஏறும்போது கண்ணில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். கண்ணில் தெரிவதற்கு முன்பே நோய் உள்ளே தொடங்கியிருக்கும்.

வீட்டில் பார்ப்பது எப்படி?

பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரமாக நிற்க வைத்து, கீழ் இமையை இழுத்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை விழி மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது. உள்ளங்கையை நம்ப வேண்டாம். மருதாணி போட்ட கையில் எதுவும் தெரியாது.

சிறுநீர் கட்டி டீத்தண்ணீர் போலப் போனால் கவனிக்க வேண்டும். சத்து மாத்திரையால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போவது வேறு, அதில் கண்ணின் வெள்ளை மாறாது. மலம் சாம்பல் பூத்தது போல வெளிறிப் போனால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள்.

காரணங்கள் பல, நோய்கள் பல

கர்ப்ப காலக் காமாலையை இரண்டு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்வது எளிது. ஒன்று, யாருக்கும் வரக்கூடிய கல்லீரல் நோய் கர்ப்பிணிக்கு வருவது. மற்றொன்று, கர்ப்பத்தால் மட்டுமே வருவது.

முதல் வகையில் அதிகம் அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் ஈ என்ற வைரஸ். மலம் கலந்த தண்ணீரால் பரவுகிறது. கிருமி உடலில் நுழைந்து 2 முதல் 10 வாரங்களில் நோய் வெளிப்படும். மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகக் குணமாகிவிடும். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கலாம். அப்படிப் பாதிக்கப்படும் கர்ப்பிணிகளில் 100-க்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய படிப்பினை உண்டு. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டெல்லியில் யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் சாக்கடை கலந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. கர்ப்பிணிகளிடையே நோய் மிகக் கடுமையாக இருந்தது. அந்த நோய்க்குக் காரணம் இந்த வைரஸ்தான் என்பது பல ஆண்டுகள் கழித்து, சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது உறுதியானது. 1978-ல் காஷ்மீரில் வந்த கொள்ளைக் காமாலையிலும் இதே நிலைதான்.

ஹெபடைடிஸ் ஏ-யும் தண்ணீராலும் உணவாலும் பரவும், பெரும்பாலும் தானே குணமாகும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இரத்தத்தால் பரவுபவை. பி பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறோம். எலிக்காய்ச்சல், மலேரியா, டெங்கு, பித்தப்பைக் கல், சில மாத்திரைகள், நாட்டு லேகியங்கள் ஆகியவற்றாலும் காமாலை வரலாம். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஓயாமல் வாந்தி எடுக்கும் பெண்களில் சிலருக்கு லேசான மஞ்சள் தெரிவதும் உண்டு.

கர்ப்பத்தால் வரும் மூன்று நோய்கள்

இவை பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும்.

முதலாவது, அரிப்பு நோய். பித்தநீர் சரியாக இறங்காமல் அதிலுள்ள பித்த அமிலங்கள் இரத்தத்தில் கூடுவதால் வருவது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். இரவில் அதிகமாகித் தூக்கம் கெடும். தோலில் தடிப்போ கொப்புளமோ இருக்காது, சொறிந்த கீறல்தான் இருக்கும். பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. அதனால்தான் நம் வீடுகளில் "சூட்டு அரிப்பு" என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் போகிறார்கள். வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்பு சாதாரணமானது. கை கால்களின் உள்பக்கத்தில் வரும் அரிப்பு அப்படிப்பட்டதல்ல. தாய்க்கு இதனால் உயிராபத்து அரிது. பிள்ளைக்குத்தான் ஆபத்து. இரத்தத்தில் பித்த அமிலம் 10-க்கு மேல் போனால் நோய் என்று கணக்கு. 100-ஐத் தாண்டினால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது. அரிப்பைக் குறைக்க மாத்திரை உண்டு. அளவைப் பார்த்து மருத்துவர் பிரசவத்தைச் சில வாரங்கள் முன்னதாக வைத்துக்கொள்ளச் சொல்வார். பிரசவமானதும் நோய் தீர்ந்துவிடும். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அப்போது முதல் செக்கப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, கல்லீரலில் திடீரெனக் கொழுப்பு சேரும் நோய். மேலே சொன்ன சகோதரிக்கு வந்தது இதுதான். அரிதானது. ஆயிரக்கணக்கான கர்ப்பங்களில் ஒன்றில் வருவது. வாந்தி, மேல் வயிற்று வலி, அசதி, அளவுக்கு மீறிய தாகம் என்று தொடங்கி, சில நாட்களில் காமாலையும் மயக்கமும் வரும். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், இரத்தம் உறையாது. பிரசவத்தைத் தவிர இதற்கு மருந்தில்லை. பிள்ளையை வெளியே எடுத்தால்தான் தாயின் கல்லீரல் மீளத் தொடங்கும். இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல்.

மூன்றாவது, இரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வருவது. பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல், கடும் தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது போன்ற மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் வீங்குதல் ஆகியவை அடையாளங்கள். சிவப்பணுக்கள் உடையும், கல்லீரல் பாதிக்கப்படும், இரத்தத் தட்டணுக்கள் குறையும். இந்த வலியை வாயு என்றும் நெஞ்சுக்கரிப்பு என்றும் நினைத்துச் சோடா குடிப்பவர்கள் உண்டு. பிரசவமான பிறகு முதல் சில நாட்களிலும் இது வரலாம். ஆகவே தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று முதல் வாரத்தில் கவனக்குறைவாக இருக்க வேண்டாம்.

காமாலை மருந்து ஏன் "கேட்கிறது"?

"எங்க வாப்பாவுக்குக் கீழாநெல்லியில்தான் சரியாச்சு" என்று சொல்லாத வீடு நம் ஊரில் குறைவு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் கீழாநெல்லி சாப்பிட்டவரும் குணமடைவார், மாலை கட்டிக்கொண்டவரும் குணமடைவார், சும்மா படுத்திருந்தவரும் குணமடைவார். பெயர் மட்டும் மருந்துக்குப் போகிறது.

கர்ப்பிணிக்கு வரும் காமாலையில் இந்தக் கணக்கு தப்பிவிடும். கல்லீரல் கொழுப்பு நோய் தானாக இறங்காது. பிரஷர் நோய் தானாக இறங்காது. எது எந்த நோய் என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது, இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கையில் மருந்து தடவிச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் மஞ்சளாவதைக் காட்டி "காமாலை இறங்குகிறது" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தடவிய மருந்தும் சுண்ணாம்பும் சேர்ந்து கொடுக்கும் நிறம் அது. நோயில்லாதவர் கையைக் கழுவினாலும் அப்படித்தான் வரும். மணிக்கட்டில் சூடு போடுவதும் மூக்கில் சாறு விடுவதும் கர்ப்பிணிக்குச் செய்யவே கூடாதவை.

பத்தியமும் கெடுதல். கல்லீரல் நோயில் சர்க்கரை இறங்கும் ஆபத்து இருக்கும்போது கர்ப்பிணியைப் பட்டினி போடுவது மயக்கத்தில் கொண்டு விடும். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத வரை சோறு, பருப்பு, முட்டை, பழம் எல்லாம் கொடுக்கலாம். வண்டிக் கரும்புச் சாறும் ஐஸ் போட்ட பானங்களும் வேண்டாம். காமாலைக்கு நல்லது என்று வாங்கிக் கொடுக்கும் அந்த ஐஸிலேயே கிருமி இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் பிரஷர் பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். இரத்தத்தில் பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய கல்லீரல் அளவுகள், தட்டணு எண்ணிக்கை, சர்க்கரை, இரத்தம் உறையும் நேரம், ஹெபடைடிஸ் வகைகள் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். அரிப்பு இருந்தால் பித்த அமில அளவு. பிறகு ஸ்கேன். இரத்தம் உறையும் நேரம் மிக முக்கியமானது. கல்லீரல் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதைப் பிலிருபினைவிட அதுவே நன்றாகக் காட்டும். ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற அளவு மட்டும் கூடியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது நஞ்சுக்கொடியிலிருந்தும் வருவதால் கர்ப்ப காலத்தில் கூடுவது இயல்பு.

சிறிய நர்சிங் ஹோமில் "இங்கே வசதியில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொன்னால் அவர்களோடு சண்டை போட வேண்டாம். இரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் குறைமாதக் குழந்தைகளுக்கான வார்டும் ஒரே இடத்தில் உள்ள ஆஸ்பத்திரிதான் இந்த நோய்க்கு வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இவை உண்டு. 108-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் கட்டணமில்லாமல் வரும்.

வீட்டில் எழும் கேள்விகள்

"ஓதிப் பார்க்கக் கூடாதா?" தாராளமாக ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அந்த ஷிஃபாவை மருந்தின் வழியாகத் தேடுவதும் நபிவழிதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆம்புலன்சில் ஏறியபின்னும் ஓதலாம். ஓதி முடிக்கும் வரை ஆம்புலன்சைக் காக்க வைக்க வேண்டாம்.

"எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பார்களே?" ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது என்பது பழைய பேச்சு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. எட்டாம் மாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நல்ல கவனிப்பில் பிழைத்து வளர்கிறார்கள். மருத்துவர் இப்போதே பிரசவம் பார்க்க வேண்டும் என்றால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். நாள் பார்த்துத் தள்ளிப் போட வேண்டாம்.

"பெண் டாக்டர் இல்லையே?" பெண் மருத்துவர் இருந்தால் அவரிடமே போவோம். உயிர் ஆபத்தில் அவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நிர்ப்பந்த நிலைக்குச் சட்டம் வேறு என்பதை நம் ஆலிம்கள் எல்லோரும் சொல்வார்கள். இரவில் பெண் டாக்டரைத் தேடி மூன்று ஊர் சுற்றுவது பேணுதலில் சேராது.

"கணவரிடம் கேட்காமல் எப்படி?" வயது வந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்திடலாம். வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனைவிக்கு ஏழாம் மாதம் பிறந்ததுமே, "அவசரமென்றால் என் போனுக்காகக் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்" என்று உம்மாவிடமும் மாமியிடமும் சொல்லி வையுங்கள். செலவுக்கு ஒரு தொகையையும் வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

"நோன்பு?" நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. காமாலையோ, ஓயாத வாந்தியோ, பித்த அரிப்போ உள்ள கர்ப்பிணி மருத்துவர் வேண்டாமென்றால் நோன்பை விட்டுவிட வேண்டும். பிறகு களாச் செய்துகொள்ளலாம். ஹனஃபி மத்ஹபில் களா மட்டும் போதும். ஷாஃபிஈ மத்ஹபில், தன் உடலுக்கு அஞ்சி விட்டால் களா மட்டும், பிள்ளைக்கு மட்டும் அஞ்சி விட்டால் களாவுடன் ஃபித்யாவும் உண்டு. மேல்விவரம் நம் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று நோன்பு வைத்து நோயைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. மய்யித்து வீட்டில் அதைச் சொல்லி ஆறுதல் தருகிறோம். அது அவளுக்கு அல்லாஹ் தரும் கூலி. நாம் தாமதித்ததற்கு அது பதிலாகாது. அவள் நம்மிடம் இருந்த அமானிதம்.

ஹெபடைடிஸ் பி: பயமும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி-யும் ஒன்று. பெரும்பாலானவர்களுக்குக் காமாலை எதுவும் இருக்காது, பரிசோதனையில்தான் தெரியவரும். தெரிந்த உடனே மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய சம்பவங்கள் நம் காதுக்கு வந்திருக்கின்றன. இது அநியாயம். அவருக்கே பிறந்தபோது தன் தாயிடமிருந்து வந்திருக்கலாம், சிறுவயதில் போட்ட ஊசியால் வந்திருக்கலாம், கணவரிடமிருந்தும் வந்திருக்கலாம். ஒழுக்கத்தோடு இதை முடிச்சுப் போடுவது அவதூறு.

ஒரே சஹனில் சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கட்டி அணைப்பதாலோ, பிள்ளையை முத்தமிடுவதாலோ இது பரவாது. இரத்தம் படுவதாலும் உடலுறவாலும் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். பிறக்கும்போது இந்தக் கிருமி தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கி, பெரியவர்களானபின் கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுவிடக்கூடும். தடுக்க வழி எளிது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசி, தாய்க்குக் கிருமி இருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி, பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் வழக்கமான தடுப்பூசி. தாயின் இரத்தத்தில் கிருமி அளவு அதிகமிருந்தால் கடைசி மாதங்களில் மாத்திரையும் கொடுப்பார்கள். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம். தாய் பால் கொடுக்கலாம். கணவரும் வீட்டாரும் பரிசோதனை செய்து, கிருமி இல்லையென்றால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அகீகாவின்போது பிள்ளைக்கு முடி இறக்கப் புது பிளேடு வேண்டும். ஹிஜாமா செய்பவர் ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடையும் கப்பையும் அடுத்தவருக்கு எடுக்கக் கூடாது. சுன்னத் செய்யும் இடத்திலும் காது குத்தும் இடத்திலும் இதே கண்டிப்பு வேண்டும்.

தண்ணீரைக் காப்பது நம் எல்லோர் மீதும் கடமை

ஹெபடைடிஸ் ஈ-க்கு நம் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ஊசி இல்லை. ஆகவே தண்ணீரே காவல். மழைக்காலத்தில் நம் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சேர்ந்தே ஓடுவதை நாம் பார்க்கிறோம். கர்ப்பிணி உள்ள வீட்டில் குடிக்கும் தண்ணீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்க விட்டு, ஆறவைத்து, மூடி வையுங்கள். கேன் தண்ணீர் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும் சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வலீமா விருந்துகளில் பிரியாணி கொதித்த உணவு, அதில் பயமில்லை. கூட வைக்கும் தயிர் வெங்காயமும் ஐஸ் போட்ட ரோஸ்மில்க்கும்தான் கவலை. விருந்து வைப்பவர்கள் வெங்காயம் கழுவவும் ஐஸுக்கும் நல்ல தண்ணீர்தானா என்று கேளுங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்குக் காமாலை என்றால் உடனே எங்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள். பள்ளியின் ஹவ்ழையும் தொட்டியையும் கழுவிக் குளோரின் போடும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தப் பட்டியலை வெட்டி வீட்டில் ஒட்டி வையுங்கள்.

1. கண்ணில் மஞ்சள், அல்லது சிறுநீர் கட்டி டீத்தண்ணீர் நிறத்தில் போவது.
2. உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் கூடும் அரிப்பு.
3. ஏழாம் மாதத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வாந்தி, மேல் வயிற்று வலி, கடும் சோர்வு.
4. கடும் தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம்.
5. பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது.
6. பல் ஈறில் அல்லது மூக்கில் இரத்தம், தோலில் காரணமில்லாத கன்றல்.
7. பேச்சுக் குழறல், தடுமாற்றம், அதிகத் தூக்கம். இது வந்தால் ஒரு நிமிடமும் பொறுக்காமல் 108-க்கு அழையுங்கள்.

போகும்போது கர்ப்பிணி அட்டை, பழைய பரிசோதனைச் சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகள், நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எடுத்துப் போங்கள். இரத்தம் கொடுக்கக்கூடிய இருவர் கூடப் போவது நல்லது.

எங்கள் பங்கு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அறக்கட்டளையின் விதியை மாற்றிவிட்டோம். கர்ப்பிணி, பிரசவம், பச்சிளம் குழந்தை ஆகியவற்றுக்கான அவசர உதவிக்குக் கமிட்டி கூட வேண்டியதில்லை. பொறுப்பாளர்களில் ஒருவர் போனில் சொன்னால் போதும், வாகனமும் முதல் செலவுக்கான தொகையும் உடனே கிடைக்கும். கடிதமும் நகலும் பிறகு வாங்கிக்கொள்கிறோம். இரவு இரண்டு மணிக்கும் கதவைத் தட்டலாம். இரத்தம் கொடுக்கும் இளைஞர்களின் பட்டியலும் அலுவலகத்தில் இருக்கிறது. அதில் பெயர் சேர்க்க வருபவர்களை வரவேற்கிறோம்.

இந்தப் பாடத்தை ஆண்கள் படித்துவிட்டு வைத்துவிடாமல் வீட்டிலுள்ள மாமியார்களுக்கும் உம்மாமார்களுக்கும் படித்துக் காட்டுங்கள். எப்போது கிளம்புவது என்று நம் வீடுகளில் முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களுக்கு ஆஃபியத்தான பிரசவத்தையும் ஸாலிஹான பிள்ளைகளையும் தந்தருள்வானாக. அந்தச் சகோதரியின் பிள்ளையை அவருக்கு மறுமையில் பரிந்துரைப்பவராக ஆக்குவானாக. எங்கள் தாமதத்தை மன்னிப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்